கோழிமுட்டையாகத் தெரிந்த நட்சத்திரம்

அன்புள்ள மைத்துனனுக்கு,

நானும் உன் அக்காவும் நலம். உன் வீட்டில் அனைவரும் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய தொலைநோக்கி பழுது. முப்பது வருஷமாக மேஸ்திரி வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். நீ போனில் சொன்னபடியே பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைப் பார்வையின் நடுவில் நிறுத்தி, குமிழைத் திருகி வேண்டுமென்றே மங்கலாக்கினேன். ஒளி வளையம் வட்டமாகவும் அதன் நட்டநடுவில் கறுப்புப் பொட்டும் தெரிந்தால் உள்ளே கண்ணாடிகள் நேராக இருக்கின்றன, திருகாணிகளைத் தொடவே கூடாது என்றாய். எனக்குத் தெரிந்ததோ கோழிமுட்டை, அதுவும் வலப்பக்கம் சாய்ந்த கோழிமுட்டை, பொட்டு ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறது. சந்தேகமே வேண்டாமென்று, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற தூக்குக்குண்டைக் குழாயில் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தேன். "வானத்தைப் பாத்துச் சாஞ்சு நிக்கிற குழாய்க்குத் தூக்குக்குண்டு எதுக்குங்க?" என்றாள் உன் அக்கா. தொழில் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அப்புறம் அவளும் எட்டிப் பார்த்துவிட்டு, "வட்டமாத்தானே இருக்கு" என்று சொல்லி, திருப்புளியை எங்கேயோ ஒளித்தும் வைத்துவிட்டாள். உங்கள் குடும்பத்துக்கே விட்டுக்கொடுக்கிற பழக்கம் கிடையாது.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. இப்போது நாங்கள் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் மாடிப்படியை ஒட்டிய சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிட்டுக் கட்டு என்று கொத்தனாரிடம் சொன்னேன். பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறவன் முதல் தடவையாக எதிர்த்துப் பேசினான்: "இடிக்கணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க மேஸ்திரி." வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து, அவன் போவதா நான் போவதா என்று முடிவு சொல்லப் போகிறார். அதற்குள் நீ, "ஆமாம் அத்தான், கண்ணாடி சாய்ந்துதான் இருக்கிறது" என்று நாலு வரி எழுதி அனுப்பு. ஆகாயத்துக் கோணலையே கண்டுபிடித்த கண் இது என்று அவரிடம் காட்டுகிறேன். நீ கல்லூரியில் பாடம் எடுக்கிறவன், உன் கையெழுத்துக்கு மரியாதை உண்டு.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடியின்றி, வேண்டாத வேலைகளில் இறங்காமல் நீடூழி வாழ வாழ்த்தும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இன்று சாயங்காலம் இன்னொரு தரம் பார்த்தேன். கழுத்து வலிக்கிறதே என்று தலையைச் சாய்த்தேன். முட்டையும் கூடவே சாய்ந்தது. மறுபக்கம் சாய்த்தேன், அதுவும் மறுபக்கம். கண்ணாடி கோணல் என்றால் என் தலையோடு சேர்ந்து அது ஏன் திரும்புகிறது? கோளாறு என் கண்ணில்தான். நேரே கொத்தனார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவே இல்லை. "ஆறு மாசமாவே தெரியும் மேஸ்திரி. நீங்க இடிக்கச் சொன்னதை எல்லாம் சுத்தியலால நாலு தட்டு தட்டிட்டு அப்படியே விட்டுருவோம். மறுநாள் வந்து பாத்து, இப்பதான்டா நேரா இருக்குன்னு சொல்லிட்டுப் போவீங்க. இந்தச் சுவருக்கு மட்டும் நாற்காலி போட்டு எதிர்லயே உக்காந்துட்டீங்க, என்ன செய்யட்டும்?"