அனுபவச் சான்றிதழ்

"இந்த வீட்டுல யாரும் இஞ்சினியரிங் படிக்கப் போறதில்ல!" என்று சிங்கம்போல் தீர்ப்புச் சொன்னார் ராக்கப்பன். சின்னமனூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர்.

படிக்கப் போகிறேன் என்றது மகளல்ல. மனைவி ஜோதிலட்சுமி. தேனியில் ஒரு கல்லூரி, வேலை பார்ப்பவர்களுக்கென்று மாலை நேர பி.இ. நடத்துகிறது. டிப்ளமோ கேட்டார்கள், கல்யாணத்துக்கு முன்பே முடித்திருந்தாள். மார்க் கேட்டார்கள், தேவைக்கு மேலேயே இருந்தது.

ராக்கப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவள் பி.இ. ஆகிவிட்டால், எட்டாவதோடு நின்ற தன் கதி? கண்ணாடியை மாட்டிக்கொண்டு விதிமுறைத் தாளை எழுத்தெண்ணிப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் முகம் மலர்ந்தது.

"ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணுமாம். சர்டிபிகேட் எங்க?"

"பதினொரு வருஷமா ஒங்க பட்டறையில காயில் கட்டுறது யாரு?"

"அது புருசனுக்கு ஒத்தாச. அதுக்குப் பேரு வேலையா?"

"அப்ப நான் அங்கன வேலை பாக்கல?"

"பாக்கல!"

"சரிங்க" என்றாள்.

அவள் இவ்வளவு சாதுவாகச் 'சரிங்க' சொன்னால் ஆபத்து. ராக்கப்பனோ அதை வெற்றி என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் அவள் பட்டறைப் பக்கமே வரவில்லை. முறுக்குச் சுட்டாள். அன்றைக்குப் பார்த்து, குச்சனூர் ஒச்சாண்டியின் வாழைத் தோட்டத்து மோட்டார் எரிந்து வந்தது. ராக்கப்பன் தானே காயில் கட்டினார். இரண்டு நாள் கட்டினார். ஒச்சாண்டியின் கண்முன்னாலேயே சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஓடவில்லை; புகைதான் ஓடியது.

"ஏ மாப்ள, வாழை குலை தள்ளுற நேரம்! தங்கச்சி எங்க?"

"அதான் நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கே. தண்ணி இல்லையே!"

ஒச்சாண்டி அவரை இழுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். ஜோதிலட்சுமி முறுக்குத் தட்டை நீட்டினாள்.

"நான் அங்கன வேலை பாக்கலைன்னு இவுக சொல்லிட்டாகண்ணே. வேலை பாக்காதவ மோட்டாரத் தொடலாமா?"

ஒச்சாண்டி திரும்பிப் பார்த்த பார்வையில் ராக்கப்பன் பேனாவைத் தேடினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார்: 'பதினொரு ஆண்டுகளாக எங்கள் பட்டறையின் தலைமை மெக்கானிக்.' எழுதும்போது அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாளே குச்சனூர் வாழைக்குத் தண்ணீர் பாய்ந்தது.

பத்து நாளில் கல்லூரியிலிருந்து பட்டறைக்குப் போன்.

"ஜோதிலட்சுமி சர்டிபிகேட்டைச் சரிபார்க்கணும். அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு அங்க என்ன கேஜ் கம்பி போடுறீங்க?"

ராக்கப்பன் கூரையைப் பார்த்தார். கம்பிச் சுருளைப் பார்த்தார். இரண்டும் பதில் சொல்லவில்லை.

"அதெல்லாம் அந்தம்மாதான் சார் பாக்குறாக. அவுக இல்லாட்டி இங்கன ஒண்ணும் ஓடாது."

"போதும். சீட் உறுதின்னு அவங்ககிட்டச் சொல்லிருங்க. பேசுறது யாரு?"

ராக்கப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானா... இங்கன எடுபிடிங்க."