ஆட்டுக்குப் போட்ட ரொட்டி

தவக்காலத்தின் முதல் ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிகிற நேரம், எழுந்து நின்று ஒரு சபதம் போட்டேன். "இனிமே எங்க வூட்டுல ஒரு துண்டு ரொட்டிகூட குப்பைக்குப் போவாது சாமி!"

எழுந்திருக்கவே வேண்டியதில்லை. இந்தத் தவக்காலத்தில் ஆளுக்கொரு நல்ல காரியம் செய்யுங்கள் என்று சாமியார் பொதுவாகத்தான் சொன்னார். ஊரே உட்கார்ந்திருந்தது. நான் ஒருத்தன் நின்றேன். கைதட்டியதும் ஒரே ஒருத்திதான், என் மனைவி சாந்தாமேரி.

சந்தவாசலிலிருந்து ஜவ்வாது மலைக் கடைகளுக்கு மொபெட்டில் ரொட்டி போடுவது என் வேலை. விற்காத பாக்கெட்டெல்லாம் என்னோடு வீட்டுக்குத் திரும்பிவிடும். பூசணம் பிடித்ததைக் கழித்தாலும் காய்ந்தது நிறைய மிஞ்சும். சும்மா காய்ந்தது இல்லை. யார் தலையிலாவது விழுந்தால் தையல் போட வேண்டி வரும், அப்படிக் காய்ந்தது.

மேரி என் சபதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை ரொட்டி உப்புமா. செவ்வாய் ரொட்டிப் பாயசம். நான் நாளெல்லாம் ரொட்டி வாசனையிலேயே வண்டி ஓட்டுகிறவன். சட்டையைப் பிழிந்தால் ரொட்டித்தூள் கொட்டும். தட்டிலும் ரொட்டி என்றால் மனுஷன் எங்கே போவான்?

புதன்கிழமை காலையில் இலையில் கட்டி ஒரு பொட்டலம் நீட்டினாள்.

"மலை மேல சாப்பிடுங்க. விடியக்காலம் எழுந்து புதுசா ஒண்ணு செஞ்சேன்."

"இன்னா அது?"

"ரொட்டிதாங்க."

நான் பிரிக்கவே இல்லை. மலை மேலே செல்லியின் டீக்கடை என் வழக்கமான நிறுத்தம். கடைக்குப் பின்னால் ஆடு கட்டியிருப்பாள். பொட்டலத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

"ஆட்டுக்குப் போட்டுடு செல்லி."

"இன்னாண்ணா இது?"

"காஞ்ச ரொட்டி. என் பொண்டாட்டி கட்டிக் குடுத்தா. அவ கிட்ட சொல்லிடாத."

குப்பைக்குத்தான் போகவில்லையே என்று மனசாட்சியைத் தட்டிக் கொடுத்தேன். அதுவும் தூங்கிவிட்டது.

சாயங்காலம் வாசலிலேயே நின்றாள் மேரி. "எப்டிங்க இருந்துச்சு?"

"அடேயப்பா! வாயில போட்டதும் கரைஞ்சிடுச்சு!"

"கரைஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் பொட்டலம் கை மாறியது. ஆனால் அன்று டீயோடு ஒரு தட்டும் வந்தது. தட்டில் பொன்னிறமாக நாலு வடை.

"கடையில புது ஐட்டம்ணா. தின்னு பாரு," என்றாள் செல்லி.

கடித்தேன். மேலே மொறுமொறுப்பு. உள்ளே மெத்து. வெங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, அடியில் மலைச் சாமையின் மணம். வடை என்றால் அது வடை. நாலும் உள்ளே போனதும், "இன்னும் இருக்கா?" என்றேன்.

"இன்னாத்துலண்ணா செஞ்சிருக்கு, சொல்லு பாப்போம்?"

"சாமைதான். எனக்குத் தெரியாதா?"

செல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். புகை கண்ணில் பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் இப்படியே ஓடியது. மலையில் வடை, வீட்டில் பொய். பொய்யும் வளர்ந்தது. "காரம் கச்சிதம்" என்றேன். "உன் கைக்கு வளையல் போடணும்" என்றேன். ஒரு நாள் கண் கலங்கியும் காட்டினேன். அவளோ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

பதினோராம் நாள் புத்தி கெட்டது. செல்லியிடம் ஆறு வடை கட்டிக்கொண்டு வந்து மேரி முன்னால் வைத்தேன்.

"தின்னு பாரு. மலைக் கடையில போடறாங்க. படிக்காத பொண்ணு, இன்னா கைப்பக்குவம்! நீயும் இந்த மாதிரி கத்துக்கலாம் இல்ல?"

மேரி ஒன்றை எடுத்தாள். நிதானமாக மென்றாள்.

"நல்லாத்தாங்க இருக்கு. உப்புதான் கொஞ்சம் பத்தல."

"உனக்கு எதைக் குடுத்தாலும் குறைதான்."

"குறை இல்லீங்க. காலையில கரண்ட் போயிடுச்சு. இருட்டுல கை அளவு தெரியல."

"அதுக்கு அவ இன்னா..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றேன். காலையில் கரண்ட் போனது எங்கள் தெருவில். மலையில் இல்லை.

"மொத நாளே செல்லி போன் பண்ணிச்சுங்க," என்றாள் மேரி, இன்னொரு வடையை எடுத்தபடி. "'அக்கா, ஆட்டுக்குன்னு குடுத்தாரு, பிரிச்சா வாசனை தூக்குது, நானே தின்னுட்டேன்'னு சொல்லிச்சு. நாளையிலிருந்து எண்ணெயில சூடு காட்டி தட்டுல வச்சு அவருக்கே குடுன்னு நான்தான் சொன்னேன். மோருல ஊற வச்ச காஞ்ச ரொட்டி, சாமை மாவு. அவ்ளோதான்."

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. அப்போதுதான் அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். எண்ணெய் தெறித்து மூன்று இடத்தில் கொப்புளம். பத்து நாளாக அந்தக் கைதான் எனக்குப் பொட்டலம் நீட்டியது. நான் பொட்டலத்தைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

"மேரி, தப்புதான்," என்றேன். "நாளைக்கு வூட்டுலயே, உன் எதிர்லயே உக்காந்து சாப்பிடறேன்."

"வூட்டுக்கு மிஞ்சாதுங்க. நீங்க தின்ன மிச்சத்தை வாங்கித் தின்னவங்க கடையில தினமும் கேக்கறாங்களாம்."

மறுநாள் மொபெட்டில் ரொட்டிக்கூடைக்குப் பக்கத்தில் வடை நிறைந்த ஒரு பெரிய தூக்குச்சட்டி ஏறியது. "செல்லி கிட்ட பத்திரமா சேத்துடுங்க. நடுவுல தொறக்காதீங்க."

கடையில், அந்த வழியில் புதிதாக வேலைக்கு வந்திருந்த பஸ் கண்டக்டர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"தின்னு பாருங்க சார். கீழ சந்தவாசல்ல ஒரு அம்மா செஞ்சு அனுப்புதாம். அந்தம்மா புருஷன் இதை ஆட்டுக்குப் போடச் சொன்னானாம். அப்படியும் ஒரு ஆளு இருப்பானா?"

"இருக்காங்க சார்," என்றேன். "நானும் கேள்விப்பட்டேன்."