ஆறு கிழமைக்கும் ஒரே லிஸ்ட்

அரைகுறையாகப் படித்தவன் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தால் ஊர் தாங்காது. நீலகிரி மலையில் எங்கள் மஞ்சூர் தாங்கவில்லை.

தேயிலை விலை படுத்துக் கிடந்த காலம் அது. அப்பா அங்கே ஒரு ஃபாக்டரியில் சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் பொறுப்பில் இருந்தார். வருகிற இலை எல்லாவற்றையும் எடுக்க முடியாததால், ஞாயிறு நீங்கலாக ஆளுக்கு வாரத்தில் ஒரு கிழமை என்று முறை வைத்திருந்தார்கள். முறை தவறினால் பறித்த இலை சாக்கிலேயே சூடேறிச் சிவந்துவிடும். பிறகு அது குப்பை. அதனால் அப்பா ஞாயிறுதோறும் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நினைவூட்டுவார்.

நான் கோயம்புத்தூரில் கல்லூரி மாணவன். பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் மொழி பழகிய புதிது. லீவுக்கு வந்தவன் தின்றுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

"நீங்க எதுக்குப்பா தொண்டை கட்டக் கத்தறீங்க? எல்லாருக்கும் மெசேஜ் தானாப் போற மாதிரி பண்ணித் தர்றேன்."

"தப்பு வராதில்ல கண்ணு? என்னை நம்பித்தான் பறிக்கறாங்க."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுப்பா." (பண்ணாதுதான். அதற்குத்தான் நான் இருந்தேனே!)

பெயர், போன் நம்பர், கிழமை என்று ஆளுக்கொரு சின்ன லிஸ்ட்; அத்தனையும் ஒரு பெரிய லிஸ்டுக்குள். ஒவ்வொரு பெயராகச் சுற்றி வரும் லூப் போட்டு அதைக் கிழமைவாரி டிக்‌ஷனரியாக்கினால், கிழமையைச் சொன்னதும் அந்தக் கிழமைக்காரர்கள் வர வேண்டும். அதற்குக் கிழமைக்கு ஒன்றாக ஆறு காலி லிஸ்ட் செய்திருக்க வேண்டும். நானோ லூப்புக்கு வெளியே ஒன்றே ஒன்று செய்து, அதையே ஆறு கிழமைக்கும் மாட்டிவிட்டேன். ஆறு கதவு வைத்து உள்ளே ஒரே அறை கட்டிய கொத்தனார் வேலை. திங்கள் என்று தட்டிப் பார்த்தேன்; திங்கள்காரர் பெயர்தான் முதலில் வந்தது. கீழே நகர்த்திப் பார்க்கும் வழக்கம் அப்போது எனக்கு இல்லை.

ஞாயிறு மாலை எல்லா விவசாயிக்கும் எல்லாக் கிழமைக்கும் மெசேஜ் போனது. திங்களன்று மத்தியானம் ஃபாக்டரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை இலை ஏற்றிய ஜீப்புகள்.

"என்னங்க போஜண்ணா, உங்களுக்கு வியாழன்தானே?" என்றார் அப்பா.

போஜண்ணன் முகமெல்லாம் சிரிப்பு. "ஆறு நாளும் வரலாம்னு மெசேஜ் வந்துச்சுங்க சார். மார்க்கெட் எந்திரிச்சிருச்சுன்னு நெனச்சு, ஆள் வச்சுப் பறிச்சுட்டோம்."

அந்தச் சிரிப்பை அப்பாதான் அணைக்க வேண்டியிருந்தது. "எங்க ஊட்டுப் பையன் பண்ணுன தப்புங்க" என்று ஒவ்வொரு ஜீப்பாகப் போய்க் கும்பிட்டுச் சொன்னார். ஃபாக்டரி எடுத்தது போக மிச்சத்தைச் சாயங்காலம் சரிவில் கொட்டினார்கள். அப்பாவும் சாக்குப் பிடித்தார். போஜண்ணன் தன் இலையைக் கொட்டிவிட்டு, காலிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதேன்.

போன வருஷம் அப்பாவுக்கு ஊட்டியில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. போஜண்ணன் தலைமையில் வார்டு நிறைய விவசாயிகள். மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும்.

"இப்படி மொத்தமா வந்தா எப்படிங்க? ஆளுக்கொரு நாள்னு முறை வச்சு வாங்க" என்று நர்ஸ் சத்தம் போட்டார்.

போஜண்ணன் அமைதியாக என்னைக் காட்டினார். "முறையெல்லாம் இந்தத் தம்பி அப்பவே போட்டுக் குடுத்துட்டாருங்க சிஸ்டர். எல்லாக் கிழமையிலயும் எங்க பேரு இருக்குது."

அப்பா தையலைப் பிடித்துக்கொண்டு, வலியும் சிரிப்புமாகக் கண்ணீர் விட்டார். இப்போதெல்லாம் வீட்டுக்குச் சொல்லாமல் விருந்தாளி வந்தால் வாசலிலேயே அவர் கேட்பது இதைத்தான்:

"ஏனுங்க, பையன் மெசேஜ் அனுப்புனானுங்களா?"