எருமைக்கு முந்நூறு

டென்மார்க்கின் யூட்லண்ட் முழுவதையும் தலைகீழாகப் பிடித்து உதறினாலும், ஆபிரிக்கக் காட்டெருமையை எப்படிச் சுட வேண்டும் என்று முந்நூறு அண்ணையைவிட நன்றாகத் தெரிந்த ஒருவர் கீழே விழமாட்டார். இத்தனைக்கும் அவர் ஆபிரிக்கா போனதில்லை. காட்டெருமையைக் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் முட்டையைக்கூடத் தொடமாட்டார்.

எங்களுக்கு வேலை பிராண்டேயில், காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில். ஒரு காற்றாலைக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே நிறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கோபுரமே ஆட்டம் காணும். அந்த நிறையைச் சரிபார்ப்பது அண்ணையின் பொறுப்பு. காலை முழுவதும் தொன் கணக்கில் நிறுத்த மனிதர், சாப்பாட்டு இடைவேளையில் கிரெயின் கணக்குக்கு இறங்கிவிடுவார். கிரெயின் என்பது துப்பாக்கிக் குண்டின் நிறையைச் சொல்லும் அளவு. ஒரு கிராமுக்குள் பதினைந்து கிரெயின் அடங்கும். யார் எதைக் கேட்டாலும் அவருடைய பதில், "எருமைக்கு முந்நூறு கிரெயின் தம்பி, குறைஞ்சால் கதை கந்தல்" என்பதில்தான் போய் முடியும். அப்படி வந்த பெயர். தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

வேட்டை அனுமதிப் பத்திரமும் முறையாக ஒரு துப்பாக்கியும் அவரிடம் இருந்தன. ஒவ்வொரு இலையுதிர் காலமும் டேனிஷ்காரரோடு காட்டுக்குப் போவார், வெறுங்கையோடு வருவார். மான் குறுக்கே வந்தால், "பாவம், குட்டித்தாச்சி போலை கிடக்கு, வயித்திலை குட்டி இருக்கும்" என்று துவக்கைத் தாழ்த்திவிடுவார். கொம்பு வைத்த கலைமானையும் அப்படித்தான் விட்டார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஏனென்றால் அவர் வருவதற்கு முன் பதினொரு வருடம் அந்தச் சாப்பாட்டு மேசையின் ராசா நான். டேனிஷ்காரரைச் சாப்பாட்டு நேரத்தில் சிரிக்க வைப்பது ஜனவரியில் துணி காயப்போடுவது மாதிரி. காயும், ஆனால் நாளெடுக்கும். அப்படிக் கஷ்டப்பட்டுக் காயவைத்த என் ராச்சியத்துக்குள், ஹோர்சன்ஸ் நகரிலிருந்து மாற்றலாகி, கையில் ஈரக் காகிதக் கட்டு ஒன்றோடு இந்த மனிதர் நுழைந்தார்.

தபால் பெட்டியில் விழும் கடை விளம்பரங்களை எல்லாம் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து, கட்டுக்கட்டாக அடுக்கி, துப்பாக்கிப் பயிற்சி செய்யும் சுடு தளத்தில் சுட்டுத் துளைத்துக்கொண்டு வந்திருந்தார். பாண் ரொட்டியும் மீனும் இருந்த மேசையில் அதை வைத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"இது கூர் முனைக் குண்டு. பாருங்கோ, பன்றி இறைச்சி விளம்பரத்தாலை நேரா உள்ளுக்குப் போகுது. பெயின்ற் வாளியிலை சரியுது. சோபா விளம்பரத்திலை பக்கவாட்டாலை வெளியிலை வந்திட்டுது. இது மொட்டை முனை. பன்றி, பெயின்ற், சோபா, கட்டில், புல்லு வெட்டுற மிசின் எல்லாத்தையும் துளைச்சுக்கொண்டு நூல் பிடிச்ச மாதிரிப் போகுது."

இதை அவர் டேனிஷில் சொல்லிவிட்டு, எனக்காக மட்டும் தமிழில் இன்னொருமுறை சொன்னார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாராம். பதினான்கு பேர் பாணை மறந்து பார்த்தார்கள். ஒருநாளும் என் பகிடிக்குப் பாணைக் கீழே வைத்ததில்லை அவர்கள்.

நான் சும்மா இருப்பேனா? "அண்ணை, இரத்தம் குடிக்கிற நுளம்புக்கு எத்தினை கிரெயின்?" என்று டேனிஷிலேயே கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் மேற்பார்வையாளர் யென்ஸ் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "உஷ், அவர் சொல்லட்டும்" என்றார்.

வீட்டுக்குப் போனால் மனைவி சுகந்தி. கோயிலில் அண்ணையோடு கதைத்துவிட்டு வந்திருந்தாள். "எவ்வளவு விஷயம் தெரிஞ்ச மனிசன். நீங்களும் இருக்கிறியள், எல்லாத்துக்கும் பல்லைக் காட்டிக்கொண்டு." அன்று இரவுச் சாப்பாட்டில் புட்டு இறங்கவில்லை.

இந்த நிலையில்தான் யென்ஸ் எருமை வேட்டைக்கு ஆபிரிக்கா புறப்பட்டார். ஐம்பது வயதில் கைகூடிய கனவு. புறப்பட மூன்று நாள் இருக்கையில், கோப்பி மெசினடியில் என்னைப் பிடித்தார். முந்நூறு அண்ணை நோர்வேயில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்.

"கடையில் கனமான மொட்டை முனை முடிந்துவிட்டது. இருநூற்று முப்பத்தைந்து கிரெயினில் கூர் முனை இருக்கிறது. தோளிலும் உதை குறைவு. நீ அவர் பக்கத்திலேயே இருக்கிறவன், உனக்குத் தெரிந்திருக்கும். எடுக்கலாமா?"

துவக்குக் குண்டுக்கும் காய்ச்சலுக்குப் போடும் குளிசைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு டேனிஷ்காரர் என் முகத்தைப் பகிடிக்காக அல்லாமல் பதிலுக்காகப் பார்த்தார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அண்ணை மாதிரியே கண்ணைச் சுருக்கினேன்.

"எடு. கூராக இருந்தால்தான் இறங்கும். ஊசியைப் பார்."

யென்ஸ் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு நாள் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை யென்ஸ் பறந்தார். திங்கட்கிழமை அண்ணை மேசைக்கு வந்து, ஒருவரும் கேட்காமலே தொடங்கினார். "லேசான கூர் குண்டு எருமையின்ரை தோள் எலும்பிலை பட்டால் உடைஞ்சு சிதறும், இல்லாட்டி வழி மாறிப் போகும். எருமை சாகாது. காயத்தோடை முள்ளுப் பத்தைக்குள்ளை போகும். ஓடிப்போட்டுது எண்டு நினைப்பியள். அது சுத்தி வந்து, தான் போன வழியிலையே ஒளிச்சு நிக்கும்."

"நிண்டு?" என்றேன்.

"தேடி வாறவனைப் பாத்துக்கொண்டு நிக்கும் தம்பி." அவர் பாணைக் கடித்தார்.

கழிவறைக்குள் போய் யென்ஸுக்குச் செய்தி அனுப்பினேன்: கூர் குண்டைப் பாவிக்காதே. ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்தது, செய்தி போய்ச் சேரவில்லை. காட்டுக்குள் தொலைபேசி எடுக்காதாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை பார்த்தேன்; அந்த ஒற்றை அடையாளம் அப்படியே நின்றது, பத்தைக்குள் எருமை நிற்பது மாதிரி. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக நேர்ந்தேன். பிறகு பிராண்டேக் கடைகள் எல்லாம் ஏறி இறங்கியதில் பதினொரு தேங்காய்தான் கிடைத்தது. மிச்சத்தைத் தவணை முறையில் ஏற்கும்படி கேட்டுக்கொண்டேன்.

செவ்வாய் இரவு கனவில் எருமை வந்தது. என்னை ஒன்றும் செய்யவில்லை. என் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில், என் கதிரையில் உட்கார்ந்திருந்தது. எல்லாரும் அதன் பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை யென்ஸின் மனைவியைக் கடையில் கண்டு, பால் அலுமாரிக்குப் பின்னால் ஒளித்தேன். வியாழக்கிழமை அதற்குமேல் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து கார் தரிப்பிடத்தில் அண்ணையை மறித்தேன்.

"அண்ணை, ஒரு பிழை விட்டிட்டன்."

"சொல்லு."

"யென்ஸுக்கு நான்தான் குண்டு சொல்லிக் குடுத்தனான்."

"என்ன நிறை?"

"இருநூற்று முப்பத்தைஞ்சு."

"முனை?"

"கூர்."

சாவீட்டில் செய்தி கேட்பவர் போலக் கண்ணை மூடினார். நான் விடவில்லை. "அண்ணை, அந்தாளுக்கு ஏதும் நடந்தால் நான் என்னெண்டு இந்த ஊரிலை முழிப்பன்? உங்களிலை எரிச்சலிலைதான் சொன்னனான். எல்லாரும் உங்களையே கேக்கினம்."

அண்ணை கார்க் கதவைத் திறந்து, சாப்பாட்டுப் பெட்டியை உள்ளே வைத்து, கதவைச் சாத்தினார். அவசரமே இல்லை.

"வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் நோர்வேயாலை வந்திறங்க, யென்ஸ் வீட்டை வந்தவன். 'உங்கடை ஆள் கூர் எண்டுறான், நீங்கள் என்ன சொல்லுறியள்' எண்டு கேட்டவன். ஹேர்னிங்கிலை ஒரு கடை பூட்டக் கால் மணித்தியாலம் இருக்கேக்கை இழுத்துக்கொண்டு போய் முந்நூறு வாங்கினம். சனி விடிய வெள்ளன சுடு தளத்திலை பத்துத்தரம் சுட்டுக் குறி சரி பாத்த பிறகுதான் பிளேனுக்கு விட்டனான்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?"

"நீ பயிற்சிக்குச் சொல்லியிருப்பாய் எண்டனான். பயிற்சிக்கு லேசான குண்டு நல்லதுதானே. தோள் நோகாது."

"பிறகேன் அண்ணை திங்கட்கிழமை அப்பிடி ஒரு பிரசங்கம்?"

"நீ எப்ப வருவாய் எண்டு பாத்தனான். நாலு நாள் எடுத்திட்டாய். எருமைகூட இவ்வளவு சுத்தாது."

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம்: பிழை விட்டவர் கேக் கொண்டுவர வேண்டும்; வெட்டுமுன் எழுந்து நின்று பிழையைச் சொல்ல வேண்டும். யென்ஸ் முழுசாகத் திரும்பி வந்த அன்று நான் கேக்கோடு போனேன். ஊசிக் கதை முதல் தேங்காய் வரை, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். பதினான்கு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். யென்ஸுக்குக் கண்ணீர் வந்தது. இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைக்காத சிரிப்பு. அண்ணை மட்டும் தன் கேக் துண்டைக் கையில் ஏந்திப் பார்த்து, "நூற்றிருபது கிராம் வரும்" என்றார்.

போன வருடம் அவர் ஓய்வு பெற்று, மகளோடு இருக்க ஹோர்சன்ஸுக்கே போய்விட்டார். மேசை மறுபடியும் எனக்கு. சிரிக்கிறார்கள். போன கிழமை யென்ஸ் பாணை வெட்டிக்கொண்டே, "நேற்று அவரோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன், ஞாயிறுதோறும் அழைப்பு எடுப்பார்" என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஞாயிறுதோறும். எனக்கு எடுப்பதில்லை.

வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பவில்லை. காரை நேரே ஹோர்சன்ஸுக்கு விட்டேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வழி முழுவதும் யோசித்தும் வேறு காரணம் அகப்படாததால், வாசலிலேயே நின்று கேட்டேன்.

"அண்ணை, எருமைக்கு என்ன நிறை?"

"முந்நூறு தம்பி. உள்ளுக்கு வா, சொல்லுறன்."

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.