நாலாவது ஆக்சிஸ்

உருளையில் செதுக்கியிருந்த பெயரை முதலாளி சின்னச்சாமி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஐ... ஏ... எல்... ஓ... எஸ். ஐயலோஸ். யாருய்யா இது ஐயலோஸ்?"

ஆசீர்வாதம் எட்டிப் பார்த்தான். இங்கிலீஷில் 'சோலை' என்று இருக்க வேண்டிய ஐந்து எழுத்துகள் வரிசை புரண்டு நின்றன. ஐயும் ஏயும் ஓவும் எப்போதும் போல இருந்தன. எல்லும் எஸ்ஸும் மட்டும் கோபித்துக்கொண்டவை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"சோலைதான் மொதலாளி. கண்ணாடியில பார்த்தா சரியாத் தெரியும்."

"எம்பொண்டாட்டி பேர நான் கண்ணாடியில பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

பக்கத்தில் நின்ற மெஷின் ஆபரேட்டர் காசிமாயன் சிரிப்பை அடக்க, அழுக்குத் துணியால் வாயைத் துடைத்துக்கொண்டான். மீசையில் கிரீஸ் ஒட்டியதுதான் மிச்சம்.

கே.புதூர் தொழிற்பேட்டையில் சோலை இண்டஸ்ட்ரீஸ் பஞ்சாலைகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கிற கம்பெனி. அந்த எண்பத்தேழாம் வருஷம் மதுரையில் கம்ப்யூட்டர் சொல்லி மெஷின் வெட்டுகிற பட்டறைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் இது ஒன்று. கண்ணாடி அறைக்குள் ஏ.சி. போட்டு ஒரு கம்ப்யூட்டர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஆசீர்வாதம் உட்கார்ந்து, எந்த வழியாக வெட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, காகித டேப்பில் ஓட்டை ஓட்டையாக அடித்துக் கொடுப்பான். வெளியே காசிமாயன் அந்த டேப்பை மெஷினில் மாட்டுவான். மெஷின் ஓட்டைகளைப் படித்து வெட்டும்.

இதுவரை மெஷின் மூன்று விதமாகத்தான் நகர்ந்தது. இடம் வலம், முன் பின், மேல் கீழ். போன மாதம் முதலாளி நாலாவதாக ஒன்றை வாங்கி மாட்டினார். இப்போது வெட்டுப்படுகிற உருளையும் தன்னைத்தானே சுற்றும். நாலு ஆக்சிஸ். அதற்குத் தோதாக பெங்களூர் ஏஜெண்டு ஒரு பிளாப்பியில் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனை அனுப்பியிருந்தார். உருளையைக் கழற்றி, கையால் திருப்பி, மறுபடி மாட்டுகிற வேலையே இனி இல்லை. வெட்டுகிற பாதையைத் திரையில் பச்சைக் கோடாக முன்கூட்டியே காட்டிவிடும். உறவுக்காரர் கல்யாணங்களில்கூட முதலாளி இதைச் சொல்லிவிட்டுத்தான் கை நனைத்தார்.

அன்று சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து ஒரு மில் மேனேஜர் வருகிறார். நூல் சுற்றுகிற மெஷினுக்கு, மேலே சுருளாகக் காடி, அதாவது பள்ளம், ஓடுகிற உருளை அவர்களுக்கு வருஷம் முழுக்க வேண்டும். கோயம்புத்தூருக்கா மதுரைக்கா என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார். மாதிரிக்கு என்று கடைந்து வைத்த அலுமினிய உருளை நாலு. அதில் ஒன்று ஐயலோஸ் ஆகிவிட்டது. பெயர் மட்டுமா, வலமாக ஓட வேண்டிய காடியும் இடமாக ஓடியிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள சரியாகணும்" என்றார் முதலாளி. "இல்லாட்டி அந்தப் பிளாப்பி பெங்களூருக்குப் போகும். நீங்க பழையபடி டிராயிங் டேபிளுக்குப் போவீங்க."

ஆசீர்வாதம் ஏ.சி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். புது வெர்ஷன் கேள்விகளால் ஆனது. பழையது கேட்டதைப்போல இரண்டு மடங்கு கேட்டது. நேற்று அவன், பந்தியில் பேர் தெரியாத பதார்த்தத்துக்குக் கையை மறித்துக் காட்டுவது போல, புரியாத கேள்விக்கெல்லாம் நோ என்பதற்கான 'என்' எழுத்தை அடித்து நகர்ந்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாக நிறுத்திப் படித்தான். நடுவில் ஒரு கேள்வி: சுழலும் திசையை மாற்றவா? ஒய் அல்லது என்.

மாற்றத்தான் வேண்டும். இவர்கள் மெஷின் சுற்றுகிற பக்கம் வேறு. ஒரே ஒரு எழுத்து. ஒய் அடித்தான்.

டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோதுதான் கூச்சமாக இருந்தது. பெங்களூரில் ஒரு வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவன், கேள்வியைப் படிக்காமலே பதில் சொன்னேன் என்று காசிமாயனிடம் எப்படிச் சொல்வது? அவனோ ஆசீர்வாதத்தைப் பெரிய விஞ்ஞானி என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிகிறவன்.

"ஒண்ணுமில்ல காசி. முந்தின டேப்புல ஓட்டை சரியா விழலை. வேற அடிச்சுட்டேன். இதப் போடு."

காசிமாயன் டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு ஆசீர்வாதத்தின் முகத்தைப் பார்த்தான்.

"அம்புட்டுத்தானாண்ணே?"

"அம்புட்டுத்தான்."

"சரிண்ணே. நீங்க போய்க் காத்தாட உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

மெஷின் சீராக இரைந்தது. ஆசீர்வாதம் காலையில் சாப்பிடாமல் விட்ட இட்லியைச் சாப்பிட்டான். வெட்டு முடிந்து, காசிமாயன் உருளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது, அவன் நடையே சரியில்லை.

"அண்ணே... மறுபடியும் ஐயலோஸ்."

ஆசீர்வாதத்துக்குக் கையில் இருந்த இட்லி கனத்தது. ஒய் அடித்தது நிஜம். திரையில் பார்த்தான், பச்சைக் கோடு வலமாகத்தான் ஓடியது. உருளையில் இடமாக ஓடியது.

பெங்களூருக்கு எஸ்.டி.டி. போட்டான். ஏஜெண்டு ஆபீஸ் பையன் குரல் பணிவாக இருந்தது.

"சுழலும் திசைன்னு ஒரு கேள்வி வரும் சார். அதுக்கு ஒய் அடிங்க."

"அடிச்சாச்சு."

"அடிச்சுமா திரும்பலை?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? எம்முன்னால கெடக்கு உருளை. உங்க கேள்வி சும்மா ஒப்புக்குக் கேக்குது. ஒய்யுன்னாலும் ஒண்ணுதான், என்னுன்னாலும் ஒண்ணுதான்."

"பெரியவங்ககிட்டச் சொல்றேன் சார்" என்று பையன் மெல்லச் சொன்னான். பெங்களூரையே தலைகுனிய வைத்த திருப்தி ஆசீர்வாதத்துக்கு. ஆனால் மிச்சம் இருந்த உருளை இரண்டுதான்.

அந்தக் கேள்வி பொய் என்றால் வேறு வழி பார்க்க வேண்டும். புது வெர்ஷனில் 'கண்ணாடி' என்று ஒரு வசதி இருந்தது. வேலையை நீளவாக்கில் அப்படியே இடம் வலமாக மாற்றிப் போட்டுவிடும். ஏற்கெனவே திரும்பியிருப்பதை இன்னொரு கண்ணாடியில் காட்டினால் நேராகிவிடாதா? வேலைக்காகாத ஒய்யை மறுபடி என் ஆக்கிவிட்டு, கண்ணாடியைப் போட்டு மூன்றாவது டேப்பை அடித்தான். காசிமாயன் அதை வாங்கி மெஷினில் மாட்டினான்.

இந்தத் தடவை உருளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் முதலாளியே. முகம் மலர்ந்திருந்தது.

"சோலை! அழகாப் படிக்க முடியுது. காடியும் வலமா ஓடுது. ஆசீர்வாதம், கெட்டிக்காரன்யா நீங்க!"

ஆசீர்வாதம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். காசிமாயன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மொதலாளி, நீங்க உருளையத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

முதலாளி திருப்பிப் பிடித்தார். சோலை தலைகீழாக நின்றது. அதோடு, பல்சக்கரம் மாட்டுகிற முனையில் இருக்க வேண்டிய பெயர் அடுத்த முனைக்குப் போயிருந்தது. மில்லில் இதை மாட்ட வேண்டுமானால் மில்லையே திருப்பி வைக்க வேண்டும்.

"காலைல முகத்தத் திருப்பிக்கிட்டு நின்னா" என்றார் முதலாளி. "இப்பத் தலைகீழா நிக்கிறா. வீட்டுலகூட இம்புட்டுப் படுத்த மாட்டா."

அதற்குள் வாசலில் கார் சத்தம். மில் மேனேஜர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தங்க பிரேம் கண்ணாடி, அதிகம் பேசாத ஆள். முதலாளி மூன்று உருளைகளையும் தகர டிரம்முக்குப் பின்னால் உருட்டிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே ஓடினார். இரண்டடி போனதும் திரும்பி, காசிமாயனை மேலும் கீழும் பார்த்தார். காலையிலிருந்து மூன்று உருளை வெட்டிய எண்ணெய் அத்தனையும் அவன் சட்டையில் இருந்தது. மீசையில் கிரீஸ் வேறு.

"ஏலேய், நீ இந்தக் கோலத்துல முன்னாடி நிக்காத. பஸ் ஸ்டாப்புக்குப் போயிக் காபியும் சூடா வடையும் வாங்கிட்டு வா. மெதுவா வா."

"மொதலாளி, மெஷினு..."

"மெஷினை நான் ஓட்டுறேன். போ!"

காசிமாயன் ஆசீர்வாதத்தைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனான். கடலில் ஒருவனைத் தள்ளிவிட்டுக் கரையேறுகிறவன் பார்க்கிற பார்வை.

மேனேஜர் மெஷினைச் சுற்றி வந்தார். "ஓட்டிக் காட்டுங்க. பஸ்ட் பீஸே நல்லா வருதான்னு பார்க்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"பஸ்ட் பீஸ்தான் சார் இது" என்றார் முதலாளி, டிரம்மை மறைத்து நின்றுகொண்டு.

ஆசீர்வாதத்தின் கையில் மூன்று டேப்புகள் இருந்தன. புதிதாக ஒன்று அடிக்க நேரமில்லை. அடித்தாலும் எதை அடிப்பது என்று தெரியாது. முதல் டேப், கேள்வியைப் படிக்காமல் அடித்தது. மூன்றாவது, சோலையம்மாளைத் தலைகீழாக நிறுத்தியது. நடுவில் இருப்பதாவது புத்தகத்தில் சொன்னபடி செய்தது. தோற்பதாக இருந்தாலும் முறைப்படி தோற்போம் என்று இரண்டாவது டேப்பையே மாட்டினான். கடைசி உருளையைப் பிடித்து இறுக்கினான். முதலாளி சாமி கும்பிட்டுவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

உருளை சுழன்றது. அலுமினியச் சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. ஆசீர்வாதம் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக அழகர்மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு, வீட்டில் பிலோமினாளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தான். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாரிடமும் அவள் 'எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல இருக்காரு' என்று சொல்லி வைத்திருக்கிறாள். டிராயிங் டேபிளில் இருக்கிறார் என்று இனி எப்படிச் சொல்வாள்?

மெஷின் நின்றது. மேனேஜர் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"சோலை" என்று படித்தார்.

ஆசீர்வாதம் திடுக்கிட்டுத் திரும்பினான். சோலைதான். நேராக, நிமிர்ந்து, இருக்க வேண்டிய முனையில். காடி வழுவழுவென்று வலமாக ஓடியது. மேனேஜர் விரல் நகத்தால் காடி முழுக்கத் தடவிப் பார்த்தார்.

"கழட்டாம, திருப்பாம, ஒரே பிடியில. பஸ்ட் பீஸே இப்படியா? கோயம்புத்தூர்ல ரெண்டு பீஸ் வீணாக்கித்தான் காட்டுனாங்க." முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உருளை இனிமே மதுரைலதான்."

முதலாளி ஆசீர்வாதத்தின் தோளில் கை போட்டு, "இவருதான் சார் எங்க கம்ப்யூட்டரு" என்றார்.

மேனேஜரை முதலாளி ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனதும் டெலிபோன் அடித்தது. பெங்களூர்.

"ஆசீர்வாதம் சார், நீங்க சொன்னதும் பெரியவங்க பயந்துட்டாங்க. கோயம்புத்தூர், ஓசூர் எல்லா இடத்துக்கும் போன் போட்டுப் புது வெர்ஷனை உபயோகிக்காதீங்கன்னு சொல்லிட்டோம். பெரிய இன்ஜினியருங்க நாலு பேரு உக்காந்து தப்பு எங்க இருக்குன்னு தேடுறாங்க. இங்க எங்களுக்கு ஒய் அடிச்சா சரியாத்தான் வருது. எப்படின்னே புரியலை."

ஆசீர்வாதம் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். வெற்றி பெற்றவனுக்கு வருகிற பெருந்தன்மை அவனுக்கு வந்திருந்தது.

"இங்கயும் இப்ப சரியா வந்திருச்சு தம்பி. காலைல வராதது சாயங்காலம் வருது. அப்படின்னா உள்ள எங்கயோ கோளாறு ஒளிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்? விடாமத் தேடச் சொல்லுங்க. கண்டிப்பாக் கெடைக்கும்."

போனை வைத்தபோது காசிமாயன் தூக்குவாளியோடு மூச்சிரைக்க வந்து நின்றான். மெஷினில் இருந்த உருளையைப் பார்த்தான். வாளியைக் கீழே வைத்துவிட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, அதைத் தொட்டுப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"சோலைண்ணே! எப்படிண்ணே சரியாச்சு? நான் இல்லாம நீங்க என்ன பாடு படுறீங்களோன்னு வடைக்காரன்கிட்டக்கூடப் புலம்பிட்டு வாரேன்."

அவன் அப்படிக் கேட்டதும் ஆசீர்வாதத்துக்கு மனசு இளகிவிட்டது. ஜெயித்த பிறகு உண்மையைச் சொல்வதில் என்ன குறை?

"உன்கிட்டச் சொல்றதுக்கு என்ன காசி. இது காலைல ரெண்டாவதா ஓட்டினோமே, அதே டேப்பு. ஓட்டை சரியில்லைன்னு சும்மா சொன்னேன். மொதல்ல நான்தான் தப்பா அடிச்சிருந்தேன். அந்த ரெண்டாவது டேப்புல சுத்துற திசையை மாத்தித்தான் கொடுத்தேன். அப்ப கேக்காத சாஃப்ட்வேர் இப்பக் கேட்டிருக்கு!"

காசிமாயன் உருளையையும் ஆசீர்வாதத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அய்யய்யோ, நீங்களும் மாத்துனீங்களா? பாவம் அண்ணனுக்குத் தப்பு புடிபடலையேன்னு, அந்த உருளைக்கு மட்டும் நான் மெஷின் சுவிட்சுல திசையைத் திருப்பி விட்டேனேண்ணே!"