நான் பார்த்த ஒரே நோயாளி

தன்னம்பிக்கை எனக்குப் பிறக்கும்போதே வந்துவிட்டது. அறிவு பின்னால் நடந்து வந்தது. (இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது என்பது என் மனைவியின் கருத்து.) இரண்டும் சந்தித்துக்கொள்ளாத ஒரு காலத்தில், இருபத்தோரு வயதில், நான் ஒரு முதலுதவிப் பரீட்சைக்குப் போனேன். அதைப் பற்றி என்னைத் தவிர எங்கள் குடும்பத்தில் எல்லோரும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பேசியாகிவிட்டது. இப்போது நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த சமயம். மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா சாலை போடும் ஆட்களை மேய்க்கும் மண்டோர். நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் கஜக்கோலோடு நின்றுகொண்டிருந்தேன். சுதந்திரத்தைப் பற்றி அப்பாவுக்கு மிகத் தெளிவான ஒரு கொள்கை இருந்தது.

"வெள்ளக்காரன் கப்பலேறப் போறான்டா. ஆஸ்பத்திரில நாற்காலியெல்லாம் காலியாவும். ஒன்னுல நீ போய் ஒக்காந்துக்க."

அவர் சொன்ன நாற்காலி டிரஸ்ஸர் வேலை. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, மருந்து கொடுத்து, ஊசியும் போடுகிற ஆள். எங்கள் ஜனங்களுக்கு அவர் முக்கால் டாக்டர். பயிற்சிக்கு மனுப் போடும்போது முதலுதவிச் சான்றிதழ் கையில் இருந்தால் நல்லது என்று சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வகுப்பு நடந்தது. சேர்ந்தேன். சேர்ந்த அன்றே கடையில் இருந்தவர்களிடம், இனிமேல் என்னை டாக்டர் என்று கூப்பிடலாம், நான் ஒன்றும் தப்பாக நினைக்க மாட்டேன் என்று பெருந்தன்மையோடு சொல்லிவைத்தேன்.

இந்தப் பரீட்சையில் என் தலையெழுத்தோடு இன்னொருத்தியின் தலையெழுத்தும் சேர்ந்திருந்தது. என் தங்கை லெட்சுமிக்கு அப்போது பதினேழு வயது. வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவளை, பெண் பிள்ளைக்கு இது போதும் என்று இரண்டு வருடம் முன்னால் அப்பா நிறுத்திவிட்டார். அவள் அழுத அழுகையில், அண்ணனுக்கு அரசாங்க வேலை கிடைத்தால் மறுபடி பள்ளிக்கு அனுப்புகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தார். ஆகவே நான் பாஸாக வேண்டும் என்பதில் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

முதல் வகுப்புக்கு நான் போகவில்லை. காரணம் இருக்கிறது. அன்றைக்கு என்ன பாடம் என்று முன்கூட்டியே விசாரித்தேன். மனிதன் எப்படி நிற்பது என்று சொல்லித் தருவார்களாம். நிமிர்ந்து, முன்னே பார்த்து, கைகளைத் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் முன்பக்கம் தெரியும்படி நிற்க வேண்டுமாம். நிற்பதற்கு ஒரு வகுப்பா? துணிக்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே தேய்ந்தவன் நான். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளேபாங் கடற்கரைக்குப் போய் எண்ணெயில் பொரித்த வாழைப்பழம் தின்றுவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒழுங்காகப் போனேன். மல்லாந்து படுத்தால் சுப்பைன், குப்புறப் படுத்தால் ப்ரோன். முழங்கையை மடக்கினால் ஃப்ளெக்ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன். கையை உடம்பிலிருந்து விலக்கித் தூக்கினால் அப்டக்ஷன், திரும்ப உடம்போடு சேர்த்தால் அடக்ஷன். கடைசி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது வந்து நிற்கும். இருந்தாலும் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்தால்கூட அதற்கு என்ன பெயர் என்று அவருக்குச் சொன்னேன். (அவர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.)

புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. நம்மைப் பார்த்து ஒரு மனிதன் நிற்பான். அதைக் கடையில் துணி சுற்றும் தாளில் பெரிதாக வரைந்து வீட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒட்டிய பிறகுதான் கவனித்தேன். என் வலது கைக்கு நேர் எதிரே இருந்த அவன் கையில் 'இடது' என்று போட்டிருந்தது. இடது கைக்கு எதிரே 'வலது'. எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரைவிட்டுப் போகிற அவசரத்தில் வெள்ளைக்காரன் மாற்றி அச்சடித்துவிட்டான் என்று முடிவு செய்தேன். சிவப்புப் பென்சிலை எடுத்துப் படத்தையும் திருத்தினேன், புத்தகத்தையும் திருத்தினேன். எல்லாப் பக்கத்திலும் திருத்தினேன்.

பரீட்சைக்கு அவரவர் ஒரு நோயாளியைக் கூட்டிவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். லெட்சுமியைவிட்டால் எனக்கு யார்? தினமும் அடுப்படி வேலை முடிந்ததும் பாயில் படுக்க வைத்துப் பழகினேன். முதல் நாளே தகராறு.

"அண்ணே, நீ புடிச்சிருக்கிறது என் பீச்சாங்கை. சோத்துக்கை இந்தப் பக்கம் இருக்கு. என் கை எனக்குத் தெரியாதா?"

நோயாளி பேசக்கூடாது என்றேன். புத்தகத்தில் சரியாகத்தான் இருந்தது, நீதான் சிவப்புப் பென்சிலால் கெடுத்தாய் என்றாள். வகுப்புக்குப் போகிறவன் நானா நீயா என்று கேட்டேன். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நான் உரக்கப் படித்ததையெல்லாம் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கடைக்குப் போன பிறகு புத்தகத்தையும் எடுத்துப் படித்திருக்கிறாள். ஒருநாள் கிணற்றடியில், புத்தகத்தில் சொன்னபடி உள்ளங்கைகளை முன்னால் காட்டிக்கொண்டு, அசையாமல் நேரே பார்த்தபடி நின்றிருக்கிறாள். பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா பார்த்துவிட்டார். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன செட்டிக் குடும்பம்; நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக இருக்கும் நல்ல மனுஷி. 'சாகிட் கா?' என்று பதறி ஓடிவந்து, உடம்புக்கு என்ன என்று தொட்டுப் பார்த்து, பதில் வருவதற்குள் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அவள் தலையைச் சுற்றிப் போட்டுவிட்டார். பெண்ணைச் சீக்கிரம் கோயிலுக்குக் கூட்டிப்போகும்படி அப்பாவிடமும் சொன்னார்.

பரீட்சை நாள் வந்தது. மண்டபம் நிறைய ஆட்கள். பரீட்சை வைக்க வந்திருந்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். என் முறை வந்ததும் ஒரு சீட்டைக் கொடுத்தார். சைக்கிளிலிருந்து விழுந்தவர், மயக்கமாக இருக்கிறார், வலது முன்கை எலும்பு முறிந்திருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய். இவ்வளவுதானா என்று நினைத்தேன். லெட்சுமி பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று 'பேசண்ட் சுப்பைன்' என்று உரக்க அறிவித்துவிட்டு, மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தேன்.

அந்தக் கை நழுவிப் போனது. மெதுவாக அவள் முதுகுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அதே நேரத்தில் மற்றக் கை தானாக ஊர்ந்து வந்து என் மடியில் விழுந்தது. நான் அதை நகர்த்தி வைத்துவிட்டு, ஒளிந்த கையை வெளியே இழுத்தேன். மடியில் இருந்த கை போய் மறுபடி வந்தது. இழுத்தேன், தள்ளினேன், மறுபடி இழுத்தேன். மயங்கிக் கிடக்கும் ஒருவருக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இவ மயக்கத்திலதானே கிடக்கிறா?"

"முழு மயக்கம் சார்," என்றேன்.

லெட்சுமி கண்ணை மூடியபடியே ஆமாம் என்று தலையாட்டினாள்.

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். நான் அசரவில்லை. நினைவில்லாதவர்களுக்குக்கூடச் சில சமயம் கை தானாக அசையும் என்று டாக்டருக்கே விளக்கம் சொன்னேன். உம்முடைய மடியில் வந்து விழுகிற கைதான் சரியான கை, நீர் பிடித்திருப்பது இடது கை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது? சார், நீங்களும் அந்த அச்சுப்பிழையால் ஏமாந்திருக்கிறீர்கள் என்று சொல்லி, சிவப்புப் பென்சில் போட்ட என் புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புரட்டினார்.

"தம்பி, முதல் வகுப்புக்கு வந்தனீரோ?"

வரவில்லை, எனக்கு நிற்கத் தெரியும் என்று பெருமையோடு சொன்னேன். மண்டபமே சிரித்தது. நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று நினைத்து நானும் கூடச் சிரித்தேன். (இதை எழுதும்போதுகூட எனக்குக் காது சுடுகிறது.)

"வலது எண்டா நோயாளியிட வலது. பாக்கிறவற்ற வலது இல்லை. அதைத்தான் முதல் வகுப்பில சொன்னது," என்றார். என் தாளில் ஒரு கோடு போட்டார். அவ்வளவுதான்.

அப்போதுதான் லெட்சுமி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "நான் வீட்டுலயே சொன்னேன் சார், அண்ணன் கேக்கல. இனிமே என்னை ஸ்கூலுக்கு அனுப்ப மாட்டாங்க," என்றாள். நான் ஃபெயில் ஆனதற்கு அதுவரை வெட்கப்படவில்லை. அவள் சொன்னதைக் கேட்டதும் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளுடைய படிப்பை நான் ஒரு சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டேன்.

என்ன ஸ்கூல், என்ன விஷயம் என்று டாக்டர் கேட்டார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். உனக்கு எவ்வளவு தெரியும், செய்து காட்டு பார்ப்போம் என்றார். நோயாளி வேண்டுமே? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாயில் படுத்தேன்.

லெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்கையை அசையாமல் தாங்கிப் பிடித்தாள். எலும்பு நகராதபடி சிம்புக் கட்டை வைத்துக் கட்டினாள். முழங்கையைப் பதமாக மடக்கி, முக்கோணத் துணியால் தூளி மாதிரி கழுத்தில் மாட்டினாள். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் பெயர் கேட்க, அப்டக்ஷனும் அடக்ஷனும் அவள் வாயில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவே இல்லை. நானும் நல்ல நோயாளியாகத்தான் நடந்துகொண்டேன். வலது என்றதும் வலதைக் கொடுத்தேன். (என்னுடைய வலது. தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.)

பரீட்சைக்குப் பெயர் கொடுக்காதவளுக்குச் சான்றிதழ் தர முடியாது. ஆனால் டாக்டர் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இந்தப் பெண்ணுக்குத் தலை நல்ல தலை, விட்ட படிப்பை முடிக்கட்டும், முடித்ததும் தாதிப் பயிற்சிக்கு மனுப் போடட்டும் என்று எழுதியிருந்தார். அதை வீட்டில் லெட்சுமிதான் படித்துக் காட்டினாள். அப்பா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வைத்தியன் பெயிலு. நோயாளி பாஸு. நல்லா இருக்குடா," என்றார்.

மறு வருடம் அவளைப் பள்ளியில் சேர்த்தார். சுதந்திரம் வந்தது, வெள்ளைக்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். லெட்சுமி தாதியானாள். முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, ஒரு வார்டையே அதட்டி மேய்க்கும் பெரிய தாதியாகத்தான் ஓய்வு பெற்றாள். நான் துணிக்கடையிலேயே இருந்தேன். அங்கே என்னைக் கடைசிவரை டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு அனுமதி கொடுத்தவன் நான்தானே, யாரிடம் போய்ச் சொல்வது?

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் யாராவது நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பினால், சாமி கும்பிட்ட கையோடு லெட்சுமி ஒன்று சொல்லி அனுப்புவாள். "தனியாப் போவாத. கூட ஒரு ஆளக் கூட்டிட்டுப் போ. ரெண்டு பேருல ஒருத்தருக்காவது வேலை கிடைக்கும்." உடனே வீடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் மகளுக்கு வங்கியில் நேர்முகத் தேர்வு வந்தபோது அப்படித்தான் என்னைக் கூட அனுப்பிவைத்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, மதியம்வரை வெளியே பெஞ்சில் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு வேலை கிடைத்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை.