பலகை இல்லாத உணவகம்

டூரிஸ்டுகளில் ஒரு தனி இனம் உண்டு: தான் டூரிஸ்டே இல்லை என்று சாதிக்கும் இனம். ஏதென்ஸ்காரர்களான எங்களிடையே இதற்கு அமோக விளைச்சல். ஆகஸ்டு பிறந்ததும் கப்பலேறி சாந்தோரினித் தீவில் இறங்குவோம். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வரிசையில் நிற்கும் ஜெர்மானியரைப் பார்த்து உச்சுக்கொட்டுவோம், தேவாலயத்தின் நீலக் குவிமாடத்துக்கு முன் படமெடுப்பவரைப் பார்த்து முகம் சுளிப்போம், சூரியன் மறைவதைக் காண எல்லாரும் ஓடும்போது அதற்கு முதுகைக் காட்டி நடப்போம். கூட்டம் பார்க்கிற சூரியன் நமக்கெதற்கு?

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி அடியேன்.

போன ஆகஸ்டில், "பசிக்குது. துறைமுகத்துலயே ஏதாவது சாப்பிடலாமே" என்றாள் என் மனைவி எவாந்தியா.

"அதெல்லாம் டூரிஸ்டுங்களுக்கு. ஊர்க்காரங்க சாப்பிடுற இடம் காட்டுறேன், வா!" என்று அவளை மலைமேல் ஒரு சிற்றூருக்கு இழுத்துப் போனேன்.

கிடைத்துவிட்டது! திராட்சைப் பந்தலின் கீழ் நீள மேசைகள். பெயர்ப்பலகை இல்லை, விலைப்பட்டியல் இல்லை, மருந்துக்கு ஒரு வெளிநாட்டு முகம் இல்லை. பெண்களெல்லாம் கறுப்பு உடையில், அசல் தீவு! யாரும் உரக்கப் பேசவில்லை, என்ன பண்பாடு! உட்கார்ந்தோம். கேட்காமலே மீன் சூப் வந்தது. பிராந்தியும் வந்தது.

"லூகாஸ், எந்திரி. இது வந்து..." எவாந்தியா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது" என்றுவிட்டு, பரிமாறிய பெண்ணிடம் திரும்பினேன். "சூப் பிரமாதம்மா! பாட்டுக்கீட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?"

பந்தலில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"இன்னிக்குப் பாட்டு வேணாம்ணே" என்றாள் அவள் மெல்ல. "இப்பத்தான் அப்பாவ அடக்கம் பண்ணிட்டு வந்தோம்."

அடக்கம் முடிந்தால் மீன் சூப்பும் பிராந்தியும் என்பது எங்கள் நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்?

பதறி எழுந்தேன்; நாற்காலி விழுந்தது. அதற்குள் எவாந்தியா அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். "சாப்பிடாம அனுப்புனா அப்பாவுக்குப் பிடிக்காது. அவரு உங்களுக்கு எப்படிப் பழக்கம்? கப்பல் வேலையிலயா?"

ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் கையில் இருந்தது செத்தவருக்காக ஊற்றிய பிராந்தி.

"இல்லம்மா" என்றேன். "நாங்க... டூரிஸ்டு."

இறந்தவரின் மனைவி கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழ வைத்துவிட்டேனே என்று நடுங்கினேன். பார்த்தால், சிரிக்கிறார்!

"எம் புருஷன் பாண்டெலிசும் இப்படித்தான். ஏதென்சுக்குப் போனா நாள் முழுக்க வழி தெரியாம சுத்துவாரு. நான் வெளியூருன்னு மட்டும் ஒத்துக்கவே மாட்டாரு. நீ பரவால்லப்பா, ஒத்துக்கிட்டியே!"

அழுது சிவந்த கண்களோடு பந்தல் முழுவதும் சிரித்தது. எனக்கு இரண்டாம் கிண்ணம் சூப் வந்தது.

சிரிக்கிறீர்களா, வாசகரே? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த விடுமுறையில் எங்கோ இறங்கி, வண்டியோட்டியின் காதருகே குனிந்து, "கூட்டம் வராத நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்கப் போவது யார்? கேளுங்கள். உட்காருமுன், செத்தது யார் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.